இரண்டு முயல்கள் சேர்ந்து வாழ: யாருக்கு ஆபரேஷன், யாருக்கு முதலில்?

மிளகும் பஞ்சும் எங்களிடம் வந்தபோது இரண்டுக்கும் பத்து வாரம். இரண்டுமே பெட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒன்றின் முதுகில் இன்னொன்று தலை வைத்துத் தூங்கும். ஒரு மாதம் போனது. மிளகு பஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொண்டைக்குள்ளிருந்து ‘ம்ம் ம்ம்’ என்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டையும் ஒரே கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் மிளகை மடியில் மல்லாத்திப் பிடித்து, வாலுக்கு முன்னால் இரண்டு விரலால் லேசாக அழுத்திக் காட்டினார். பெட்டையாக இருந்தால் அங்கே நீளவாக்கில் ஒரு கீறல் போலத் தெரியுமாம். மிளகுக்கு வட்டமாகத் திறந்து, நடுவில் சின்னக் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. ஆண்.

அன்றைக்கே இரண்டையும் பிரித்து, நடுவில் கம்பி வலை வைத்தோம். அப்புறம்தான் நிஜமான கேள்வி வந்தது. இரண்டும் சேர்ந்து வாழ வேண்டும், குட்டி வேண்டாம். ஆணுக்கு மட்டும் ஆபரேஷன் செய்தால் போதுமா? பெட்டைக்கு மட்டுமா? இரண்டுக்குமா? ஒன்றுமே செய்யாமல் பிரித்தே வைத்துவிடலாமா? அந்த ஒரு வருடத்தில் நான் படித்ததையும் பட்டதையும் வைத்து ஒவ்வொரு வழியையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். என் முடிவை மறைக்கப் போவதில்லை: இரண்டுக்கும் செய்ய வேண்டும், ஆணுக்கு முதலில். ஆனால் எல்லோராலும் உடனே அப்படிச் செய்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மற்ற வழிகளில் எது தேறும், எது தேறாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்

ஆணும் பெட்டையும் ஆபரேஷன் இல்லாமல் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட அன்றைக்கே பெட்டை மறுபடி சினைப்படும். சின்ன இனங்கள் நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். கூடப் பிறந்தவை என்பதெல்லாம் அவற்றுக்குக் கணக்கில்லை.

சரி, பிரித்தே வைக்கலாம் என்றால், அது எட்டு, பத்து வருடத்துக்கான ஏற்பாடு. முயல் கூட்டமாக வாழும் உயிர். காட்டில் ஒரே வளைக்குள் பல முயல்கள் சேர்ந்து வாழ்கின்றன, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்கின்றன, ஆபத்து என்றால் ஒன்று காலைத் தட்டி மற்றவற்றுக்குச் சொல்கிறது. அப்படிப்பட்ட உயிரை வலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்றின் வாசனை மட்டும் தெரிகிற மாதிரி ஆயுள் முழுக்க வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. வாசனை தெரிவதாலேயே ஆண் மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், இரண்டும் வலையைக் கடித்து இழுக்கும்.

ஒரே பாலாக இரண்டை வாங்கினால் ஆபரேஷன் வேண்டாமே என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு ஆண்கள் பருவத்துக்கு வந்ததும் சண்டை போடும். அது விளையாட்டுச் சண்டை இல்லை. எதிரியின் விதைப்பையைக் குறிவைத்துக் கடிக்கும், தோல் கிழிந்து தொங்கும். இரண்டு பெட்டைகள் இன்னும் கொஞ்ச நாள் ஒத்துப்போகும். ஆனால் சினைப்பருவ வேகம் ஏறியதும் இடத்துக்காகவும் கூட்டுக்காகவும் அடித்துக்கொள்ளும். நேற்று வரை கட்டிப்பிடித்துத் தூங்கிய அக்கா தங்கைகள் ஒரே நாளில் ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்தவர்கள், தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். தப்பு அவர்களுடையது இல்லை, ஹார்மோனுடைய வேலை அது.

ஆணுக்கு மட்டும் செய்தால்

முதலில் நாங்கள் எடுத்த வழி இது. ஆணுக்கான ஆபரேஷன் சின்னது. விதைகள் வயிற்றுக்கு வெளியே இருப்பதால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மயக்க நேரம் குறைவு, காயமும் சீக்கிரம் ஆறும். விதை இறங்கும் பத்து, பன்னிரண்டு வாரத்திலிருந்தே செய்யலாம். மிளகு அன்று சாயங்காலமே கொத்தமல்லித் தழையைப் பிடுங்கித் தின்றது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதில் நாங்கள் விழுந்தோம். விதையை எடுத்த பிறகும் குழாய்களில் ஏற்கெனவே இருக்கும் விந்து மிச்சம் இருக்கும். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அந்த ஆணால் பெட்டையைச் சினையாக்க முடியும். காயம் ஆறிவிட்டது, ஆள் அடங்கிவிட்டான் என்று நான் மூன்றாவது வாரமே வலையை எடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை, பஞ்சு வாய் கொள்ளாமல் உலர்புல்லைக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் மீசை போல நீட்டிக்கொண்டிருக்க, மூலைக்கும் தட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் உட்கார்ந்து தன் நெஞ்சு முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் புல்லின் மேல் பரப்பியது. மறுநாள் அந்த முடிக்குள் ஐந்து குட்டிகள். ஐந்துக்கும் நல்ல வீடு தேடி, ஒவ்வொன்றையும் ஆணா பெட்டையா என்று டாக்டரிடம் உறுதி செய்து, தாயிடமிருந்து பிரித்து அனுப்பி முடிக்க மாதங்கள் ஆயின. பஞ்சு அந்த நாட்களில் மெலிந்துபோனதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். ஒரு நாள் கூடக் குறைக்காதீர்கள்.

அந்த ஆறு வாரமும் சரியாகப் போய், குட்டி என்ற கவலையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெட்டையின் பக்கம் எதுவும் மாறவில்லை. முயலுக்கு நாய், பசு மாதிரி முறை வைத்துக் கருமுட்டை வெளியாவதில்லை. இணை சேர்ந்த பத்து மணி நேரம் வாக்கில், அந்தத் தூண்டுதலால்தான் வெளியாகும். ஆகவே காயடித்த ஆண் மேலே ஏறினாலும் பெட்டையின் உடம்பு சினை பிடித்ததாகவே நம்பும். இதைப் பொய்ச்சினை என்பார்கள். இது 16, 18 நாள் இருக்கும். அதற்குள் பெட்டை கூடு கட்டும், முடியைப் பிடுங்கும், கிட்டே போனால் உறுமி முன்காலால் அடிக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கூட இருக்கும் ஆணுக்கும் இது நிம்மதியில்லாத வாழ்க்கை.

அதைவிடப் பெரிய விஷயம் கருப்பைப் புற்று. ஆபரேஷன் செய்யாத பெட்டை முயல்களில் இது அபூர்வ நோய் இல்லை, வயது ஏற ஏற எதிர்பார்க்க வேண்டிய நோய். சில இனங்களில் நான்கு வயது தாண்டிய பெட்டைகளில் 50 முதல் 80 சதவீதம் வரை என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஒருமுறை குட்டி போட்டுவிட்டால் வராது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். இந்தப் புற்று மெதுவாக வளர்ந்து நுரையீரலுக்குப் பரவும். வெளியே தெரியும் முதல் அடையாளம் பல நேரம் மூத்திரத்தில் ரத்தம்தான். முயலின் மூத்திரம் தின்ற தழைகளின் நிறத்தாலேயே சில நாள் செம்பழுப்பாக இருக்கும் என்பதால் அதையும் கவனிக்காமல் விட்டுவிடுவோம். மூத்திரம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் பெரும்பாலும் தழை நிறம். கடைசியில் கோடாகவோ கட்டியாகவோ சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். சந்தேகம் என்றால் டாக்டரிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

பெட்டைக்கு மட்டும் செய்தால்

ஒரே ஒரு ஆபரேஷன்தான் முடியும் என்றால் எது அதிகப் பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஒரே பதில் கிடையாது. பெட்டையின் உயிரை நினைத்தால் பெட்டைக்கு. இரண்டும் சேர்ந்து வாழ்வதை நினைத்தால் ஆணுக்கு.

கருப்பையும் சூலகமும் எடுத்த பெட்டைக்குப் புற்று பயம் போனது, பொய்ச்சினை போனது, குட்டியும் இல்லை. ஆனால் ஆபரேஷன் செய்யாத ஆண் ஒன்றோடு ஒரே இடத்தில் விட்டால், அது நாள் முழுக்கத் துரத்தி ஏறிக்கொண்டே இருக்கும். பெட்டைக்கு அதில் நாட்டமே இருக்காது. ஓடும், ஒளியும், ஒரு கட்டத்தில் திரும்பிக் கடிக்கும். ஆண் தலைப் பக்கமாக ஏறும் பழக்கம் முயல்களில் உண்டு. அந்த நிலையில் பெட்டை கடித்தால் படுவது ஆணின் குறியில். வீடு முழுக்க மூத்திரம் பீய்ச்சுவதும் நிற்காது. ஆகவே பெட்டைக்கு மட்டும் செய்துவிட்டு இரண்டையும் சேர்த்து வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெட்டைக்குச் செய்துவிட்டு, ஆணுக்குச் செய்யும் வரை பிரித்து வைக்கலாம். அது வேறு.

இடையில் இரண்டு சின்ன வழிகளையும் சொல்லிவிடுகிறேன். விந்துக் குழாயை மட்டும் கட்டிவிடும் ஆபரேஷன் குட்டியைத் தடுக்கும், ஆனால் விதை உள்ளேயே இருப்பதால் ஹார்மோன் அப்படியே இருக்கும். சேர்த்து வளர்ப்பவர்களுக்கு அதனால் பயன் இல்லை. தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் இம்பிளான்ட் பெட்டைகளில் சில மாதங்களுக்குச் சூலகத்தை அடக்கி வைக்கும். ஆண் முயல்களில் அதை நம்ப முடியாது. மயக்க மருந்து தாங்காத நோயாளிப் பெட்டை இருந்தால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். மற்றவர்களுக்கு இது ஆபரேஷனுக்கு மாற்று இல்லை.

இரண்டுக்கும் செய்வது, அதன் வரிசை

வரிசை முக்கியம். ஆணுக்கு முதலில் செய்தால், அவனுடைய ஆறு வாரக் காத்திருப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டைக்கு ஆபரேஷன் வயது வந்துவிடும். பெட்டைக்குப் பொதுவாக ஐந்து, ஆறு மாத வாக்கில் செய்கிறார்கள். அதற்கு முன் கருப்பை மிகச் சிறியதாக இருக்கும். ரொம்பத் தள்ளிப்போட்டால் உள்ளே கொழுப்பு சேர்ந்து ஆபரேஷன் கடினமாகும். பெட்டையின் காயம் ஆறப் பத்து நாள், இரண்டு வாரம். ஹார்மோன் தணிய இன்னும் சில வாரம். இரண்டு பேரின் காத்திருப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் பிரிவு காலம் குறையும்.

விதை இறங்கிய சில நாட்களிலேயே செய்துவிட்டால், கூடப் பிறந்த பெட்டையிடமிருந்து பிரிக்கவே வேண்டாம் என்று சில டாக்டர்கள் அனுமதிக்கிறார்கள். தவறவிடாமல் வாரா வாரம் பார்க்கும் டாக்டர் இருந்தால் மட்டும் அந்த வழி. முயலின் விதைகள் விருப்பம்போல வயிற்றுக்குள் ஏறிக்கொள்ளும். இல்லை என்று நினைத்திருப்போம், இருக்கும்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். எனக்குப் பயம் இருந்தது. பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 8,000-க்கும் மேற்பட்ட முயல்களின் மயக்க மருந்துப் பதிவுகளைப் பார்த்தார்கள். உடல்நலமுள்ள முயல்களில் 0.73 சதவீதம் இறந்தன, அதாவது ஏறக்குறைய 137-க்கு ஒன்று. அதே ஆய்வில் உடல்நலமுள்ள நாய்களில் இது 0.05 சதவீதம்தான். முயலுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. அந்த எண்ணைப் புற்றுக்கான எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பஞ்சை அனுப்ப எனக்குத் துணிவு வந்தது. அந்த ஆய்வில் முயல்களின் இறப்புகளில் பாதிக்கு மேல் நடந்தது கத்தி வைத்த நேரத்தில் இல்லை, எல்லாம் முடிந்த பிறகு. கவனிப்பு எங்கே வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது.

ஆகவே டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். முயலுக்குப் பெட்டை ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்’ என்று சொன்னால் அவருக்கு முயல் பழக்கமில்லை என்று அர்த்தம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடலோ நிற்காமல் ஓட வேண்டியது. பட்டினிதான் அதற்கு ஆபத்து. வலி மருந்து வீட்டுக்கும் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். ஆணுக்குச் செய்யும்போது விதை இறங்கும் வழியை மூடுகிறாரா என்று கேளுங்கள். முயலில் அந்த வழி திறந்தே இருப்பதால் குடல் அதில் இறங்க வாய்ப்பு உண்டு. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து எதையும் வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது. முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கெடுத்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

பஞ்சு வீட்டுக்கு வந்த ராத்திரி ஒரு மூலையில் கண்ணைப் பாதி மூடி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தோம், புழுக்கை விழுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. டாக்டர் கொடுத்த பொடியைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. இரண்டரை மணிக்குத் துணியில் மூன்று புழுக்கை. குறுமிளகு அளவுதான், கோணலாக, கறுப்பாக. அவற்றைக் கையில் எடுத்து விளக்கடியில் பார்த்தேன். காலையில் ஒரு துளசி இலையைத் தானே மென்றது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டர்.

தையலைக் கடிக்காமல் இருக்க நாய்க்கு மாட்டுவது போலக் கழுத்தில் கூம்பு மாட்டினால் முயல் தின்பதை நிறுத்திவிடும். பின்பக்கத்திலிருந்து அது எடுத்துத் தின்ன வேண்டிய மென்புழுக்கையையும் எடுக்க முடியாது. தோலுக்கடியில் போடும் தையல் என்றால் கூம்பு தேவைப்படாது. அதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

யார் யாரோடு, எப்போது

இரண்டுக்கும் ஆபரேஷன் முடிந்த பிறகு ஆணும் பெட்டையும் சேர்வதுதான் எல்லாவற்றிலும் எளிது. கூடப் பிறந்த இரண்டு ஆண்களோ இரண்டு பெட்டைகளோ இருந்தாலும் முடியும், பொறுமை கூடுதலாக வேண்டும். மூன்றாவது ஒன்றைச் சேர்ப்பது தனிக் கதை. இரண்டின் உறவே அதில் உடைந்துபோவது உண்டு.

ஆபரேஷன் சண்டையின் வேகத்தைத்தான் குறைக்கிறது. நட்பை அவை தாமாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, நடுவில் இரண்டு வலை, மூக்கைக் கடிக்க முடியாதபடி இடைவெளி விட்டு. நாங்கள் தினமும் இரண்டின் மலத்தட்டையும் துணியையும் மாற்றி மாற்றி வைத்தோம். அப்புறம் இரண்டும் இதுவரை கால் வைக்காத ஓர் இடம். எங்களுக்குக் குளியலறை வாய்த்தது, வழுக்காமல் இருக்க மிதியடி விரித்து. கொஞ்சம் துரத்தலும் ஏறலும் இருக்கும், விடலாம். காதைப் பின்னால் படிய வைத்து, வாலைத் தூக்கி, இரண்டும் பம்பரம் போலச் சுழல ஆரம்பித்தால் உடனே பிரித்துவிட வேண்டும். கையைக் கொடுக்காமல் தடித்த துண்டைப் போட்டுப் பிரியுங்கள். கடி ஆழமாக இறங்கும்.

பதினோராவது நாள் பஞ்சு மிளகின் முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தியது. மிளகு அசையவில்லை. பஞ்சு இன்னும் கொஞ்சம் தள்ளித் தலையை அவன் முகவாய்க்கடியில் நுழைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் நெற்றியில் ஒரு தடவை நக்கினான், நிறுத்தினான், அப்புறம் கண்ணோரம், காது என்று வெகு நேரம் நக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கும் ராத்திரி பிரித்துத்தான் வைத்தோம். முழு இரண்டு நாள் சண்டையில்லாமல் கண்ணெதிரே போன பிறகே தனியாக விட்டோம்.

வயதான முயல் வைத்திருப்பவர்கள் இனிமேல் முடியாது என்று விட்டுவிட வேண்டாம். நான்கு, ஐந்து வயதிலும் செய்கிறார்கள். முன்னால் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எந்த வயதானாலும் எடை ஏறும். குச்சித் தீவனத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினால் போதும்.

இப்போது இரண்டில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டையும் ஒரே கூடையில்தான் கொண்டு போகிறோம். ஒன்றை மட்டும் கொண்டு போனால் மருந்து வாசனையோடு திரும்பி வரும், வீட்டில் இருப்பது அதை வேற்றாள் என்று நினைத்து அடிக்கும். போன மாதம் மிளகின் பல்லைப் பார்க்கப் போனபோது பஞ்சு கூடையில் அவன் மேல் சாய்ந்து, தாடையை அவன் முதுகில் வைத்துக்கொண்டே வந்தது.